மாடு நிற்கும் மண்ணையும் வரையுங்கள்: மாறிவரும் பினாங்கில் கால்நடைகளை வரைய ஒரு முழு வழிகாட்டி

பினாங்கில் ஆடு மாடு வரைய ஆசைப்படுகிறவருக்கு முதல் வேலை, அவை எங்கே மிச்சம் இருக்கின்றன என்று தெரிந்துகொள்வது. பாயான் லெப்பாஸில் 1972-இல் தடையற்ற வாணிப வட்டாரம் வருவதற்கு முன்பு நெல்வயல்கள் இருந்தன. குளுகோரில் கம்போங் புவா பாலா என்று ஒரு தமிழர் கம்பம் இருந்தது. அங்கே மாடும் ஆடும் மேய்வதைப் பார்த்து, அமெரிக்கக் கௌபாய்த் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரில் ‘ஹை சப்பரல்’ என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். 2009-இல் அந்த வீடுகள் இடிக்கப்பட்டன, நிலம் அடுக்குமாடித் திட்டத்துக்குப் போனது. கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். இன்று அது தொழிற்பேட்டை. 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் அங்கேதான் வந்து இறங்குகிறது.

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் கதையைக் கால்நடைகளை வைத்தே சொல்லிவிடலாம். கரும்புக் காலத்தில் ஆலைகளில் எருமைகள் சுற்றிச் சுற்றிச் செக்கு இழுத்தன. ரப்பர் வந்த பிறகு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீட்டுக்காரர்கள் ஒன்றிரண்டு பால்மாடு வைத்துக்கொண்டார்கள். அவை பால்மரக் காட்டுக்குள் மேய்ந்தன, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குப் பால் காசு உதவியது. அப்புறம் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன, வீடமைப்பு வந்தது. தோட்டம் கைமாறியபோது ஆள்களில் சிலருக்காவது எங்கேயோ ஒரு தரைவீடோ அடுக்குமாடியோ கிடைத்தது. மாட்டுக்கு எதுவும் கிடைக்கவில்லை. விற்றார்கள், அல்லது சாலையோரத்தில் கட்டினார்கள்.

இந்த வழிகாட்டி சொல்வது ஒன்றுதான். இப்படிப்பட்ட காலத்தில் மாட்டை மட்டும் வரைந்தால் படம் பாதிதான். அது எதில் கட்டப்பட்டிருக்கிறது, எதைத் தின்கிறது, அதன் பின்னால் என்ன எழும்பிக்கொண்டிருக்கிறது என்பதும் தாளில் வர வேண்டும். நாட்காட்டிப் படத்தில் வரும் மாடு எந்த ஊரிலும் நிற்கலாம். நீங்கள் வரையும் மாடு பினாங்கில், இந்த ஆண்டில் நிற்க வேண்டும்.

முதல் படி: பொருள்கள்

அதிகம் தேவையில்லை. 2பி, 4பி, 6பி பென்சில்கள், ஏ5 அளவில் ஒரு ஸ்கெட்ச்புக், ஒரு நீர்புகாத மைப்பேனா, சின்ன வாட்டர்கலர் பெட்டி. ரப்பரைக் கூடுமானவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மாடு நகர்ந்துவிடும். தவறான கோட்டை அழிக்கும் நேரத்தில் சரியான கோட்டைப் பக்கத்திலேயே போட்டுவிடலாம்.

நம் ஊர் ஈரக்காற்றில் தாள்தான் பெரிய தொல்லை. மெல்லிய தாள் காலையிலேயே நெளிந்துவிடும். வண்ணம் தீட்டுவதாக இருந்தால் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள் எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மாதங்களில் முதல் பூச்சு காய நெடுநேரம் பிடிக்கும், காயாததன் மேல் இரண்டாவது பூச்சு வைத்தால் நிறம் கலங்கிப் போகும். ஆகவே மழைக்காலத்தில் வெளியே பென்சிலும் மையும் போதும், வண்ணத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். முடிந்த படங்களை இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். இல்லையென்றால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

தீவில் பாலிக் பூலாவ் பக்கம் போங்கள். சுங்கை பூரோங் வட்டாரத்தில் இன்னும் நெல் விளைகிறது. பால் ஆடு வளர்க்கும் பண்ணைகளும் அந்தப் பக்கம் உண்டு. பெருநிலத்தில் பெனாகா, தாசேக் குளுகோர் பக்கம் வயல்வெளி. தெற்கே சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் பக்கம் போனால் பழைய தோட்டங்களும் புதிய வீடமைப்புகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். என்னைக் கேட்டால் வரைய மிகச் சிறந்த இடம் அந்த முட்டும் எல்லைதான். முழுப் பசுமையான இடத்தில் அழகு கிடைக்கும், எல்லையில் கதை கிடைக்கும்.

நேரம் முக்கியம். நாம் பின்பற்றும் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுகிறது. 1982 முதல் தீபகற்பத்துக்கும் கிழக்கு மலேசிய நேரமே. அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றே கால் வாக்கில். அந்த நேரத்தில் மாட்டின் நிழல் அதன் வயிற்றுக்குக் கீழேயே ஒடுங்கிவிடும், உடலின் திரட்சி தெரியாது. காலையில் பசியாறிவிட்டு எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் விலா எலும்பு, தோள், இடுப்பெலும்பு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். மாலை ஐந்துக்கு மேலும் அப்படித்தான்.

ஆனால் புதிதாகக் கற்பவருக்கு வெயில் நேரத்திலும் ஒரு வசதி இருக்கிறது. வெயில் ஏறினால் மாடு நிழலுக்குப் போய்ப் படுத்து அசைபோடும். தாடை மட்டும் அசையும், உடல் அசையாது. அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

மூன்றாம் படி: உரிமையாளரிடம் பேசுவது

ஸ்கெட்ச்புக்கைத் திறப்பதற்கு முன் ஆளைப் பாருங்கள். “அண்ணே, மாட்டை உட்கார்ந்து வரையலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதம்தான். மலாய்க்காரர் மாடு என்றால் “பாக்சிக், போலே லுக்கிஸ் லெம்பு?” போதும். வயதானவராக இருந்தால் ஐயா, அம்மா என்று மரியாதையோடு ஆரம்பியுங்கள். கேமராவைக் காட்டினால் சிலர் முகம் மாறும், நகராண்மைக் கழகத்திலிருந்து வந்திருக்கிறீர்களோ என்று நினைப்பார்கள். அதனால் முதலில் தாளையும் பென்சிலையும் காட்டுங்கள்.

பேச்சு தொடங்கிவிட்டால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. மாட்டுக்கு என்ன பெயர்? தாய் யாரிடம் இருந்தது? முன்பு எங்கே மேய்ந்தது? இப்போது புல் எங்கிருந்து வருகிறது? எந்த வேலி புதிது? பதிலைப் படத்தின் ஓரத்திலேயே அவர்கள் சொன்ன சொற்களில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்புகள் இல்லாமல் நான் எந்தப் படத்தையும் முடிந்ததாக நினைப்பதில்லை.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பலர் மேய்ப்பது சொந்த நிலத்தில் இல்லை. படத்தை இணையத்தில் போடும்போது சரியான இடத்தைக் குறிப்பிட்டால், புகார் போய் மாட்டைப் பிடித்துக்கொண்டு போகும் நிலை வரலாம். வட்டாரப் பெயர் போதும், தெருப்பெயர் வேண்டாம். உரிமையாளரின் முகத்தை வரைய வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள்.

கொட்டகைக்குக் கொட்டகை போகிறீர்கள் என்றால் இடையில் செருப்பையும் கையையும் கழுவிவிட்டுப் போங்கள், கோமாரி போன்ற நோய்கள் அப்படியும் பரவும். கன்று ஈன்ற பசுவிடமிருந்தும் கட்டாத காளையிடமிருந்தும் தள்ளி உட்காருங்கள். மாட்டின் பின்பக்கம் வேண்டாம், அது உங்களைப் பார்க்கும்படி பக்கவாட்டில் இடம் பிடியுங்கள்.

நான்காம் படி: உடலைப் படிப்பது

இங்கே அவசரப்படக் கூடாது.

மாட்டை வரையும்போது முதல் கோடு முதுகு. கழுத்திலிருந்து திமில் ஏறி, இறங்கி, நடுமுதுகில் லேசாகக் குழிந்து, இடுப்பில் மீண்டும் உயர்ந்து வால் முளைக்கும் இடத்தில் முடியும் ஒரே கோடு. அதைத் தூக்காமல் ஒரு வீச்சில் போடுங்கள். கொடியில் போட்ட ஈரச் சேலை போல வயிறு அந்தக் கோட்டிலிருந்துதான் தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டால் எடை சரியாக விழும். பலர் உடலைப் பெட்டியாகப் போட்டுவிட்டு முதுகை மேலே ஒட்டுகிறார்கள். அப்படிப் போட்ட மாடு மரப்பொம்மையாகிவிடும்.

அளவுக்குத் தலையை வைத்துக்கொள்ளுங்கள். கொம்படியிலிருந்து மூக்கு நுனி வரை ஒரு தலை. கையை நீட்டிப் பென்சிலில் அதை அளந்து, உடல் நீளத்தில் எத்தனை தலை, தரையிலிருந்து முதுகு வரை எத்தனை தலை என்று பாருங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் இது மாறும், கன்றுக்கு மிகவும் மாறும். கன்றின் கால் நீளத்தையும் தலைப் பெருமனையும் பெரிய மாட்டின் கணக்கில் போட்டால் அது சின்ன மாடாகத்தான் தெரியும், கன்றாகத் தெரியாது.

கால்தான் எல்லாரையும் குழப்புவது. முன்காலின் நடுவில் முட்டி போலத் தெரிவது உண்மையில் நம் மணிக்கட்டுக்குச் சமமான மூட்டு. பின்காலில் பின்னோக்கித் துருத்திக்கொண்டிருப்பது நம் குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டிய தோலுக்குள் மறைந்திருக்கிறது. அதாவது மாடு விரல் நுனியில் நிற்கிறது, குளம்பு அதன் நகம். இது மனத்தில் பதிந்துவிட்டால் பின்கால் தானாகச் சரியாக மடங்கும். குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும், அதற்குச் சற்று மேலே பின்பக்கம் இரண்டு சின்னக் குளம்புகள் தரையைத் தொடாமல் இருக்கும். அவற்றைப் போட மறக்காதீர்கள்.

நடையைப் பாருங்கள்: இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். பின்கால் ஏறக்குறைய முன்கால் விட்ட தடத்திலேயே விழும். படுத்திருக்கும் மாடு எழும்போது பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். முன்கால்கள் சில நொடி மண்டியிட்டபடி இருக்கும். அந்த நிலையை வரையத் தெரிந்தவர் மாட்டைப் பார்த்திருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

தலையில் கண் பக்கவாட்டில் இருக்கிறது. நம்மைப் போல முன்னால் வைத்தால் முகம் மனித முகமாகிவிடும். காது கொம்புக்குக் கீழே, பக்கவாட்டில் நீண்டிருக்கும். காது எங்கே திரும்புகிறதோ அங்கேதான் மாட்டின் கவனம். முகபாவத்தைக் கண்ணில் தேடாதீர்கள், காதில் தேடுங்கள்.

இனங்களைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள், ஏனென்றால் இனமே ஒரு வரலாறு. சின்ன உடல், குட்டைக் கொம்பு, பழுப்பிலிருந்து கறுப்பு வரை நிறம் என்றால் அது நாட்டு இனமான கெடா-கிளந்தான் மாடாக இருக்கலாம். பெரிய திமில், ஆடும் அலைதாடி, வெள்ளையோ மயிலையோ செவலையோ என்றால் நம் முன்னோர்களோடு கப்பலில் வந்த மாடுகளின் வழி வந்ததாக இருக்கலாம். கால்நடைத் துறையினர் இவற்றை ‘லோக்கல் இண்டியன் டெய்ரி’ என்கிறார்கள். கறுப்பு வெள்ளைத் திட்டோடு பெரிய மடி என்றால் ஃப்ரீசியன் கலப்பு. ஃப்ரீசியனும் சாஹிவாலும் கலந்து மலேசியாவில் உருவாக்கிய இனத்துக்கு மஃப்ரிவால் என்று பெயர். லயன் வீட்டு மாட்டிலிருந்து பண்ணை மாட்டுக்கு வந்த மாற்றம் இந்த உடல்களிலேயே இருக்கிறது. காதில் குத்திய மஞ்சள் அட்டையையும் விடாமல் வரையுங்கள்.

எருமை வேறு உலகம். வயல் உழுத சதுப்பு எருமைக்குக் கொம்பு பிறை வடிவில் பின்னோக்கி அகன்று போகும், தொண்டையில் வெளிறிய வளைவுப் பட்டை இருக்கும், நிறம் சாம்பல். பாலுக்கு வளர்க்கும் முர்ரா எருமை கன்னங்கறுப்பு, கொம்பு இறுகச் சுருண்டிருக்கும். இரண்டையும் கலந்து வரைந்தால் வேலையே மாறிப்போகும், ஒன்று உழவுக்கு, ஒன்று பாலுக்கு. சேற்றில் நனைந்த எருமைத் தோல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், சேறு காய்ந்தால் அதே தோல் வெளிறித் தூசாகும். ஒரே விலங்கில் இந்த இரண்டு தன்மையும் ஒரே நேரத்தில் இருப்பதுதான் எருமை வரைவதன் இன்பம். உழவு எருமையின் வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. இன்று வயலில் எருமையைப் பார்த்தால் அது உழவில் இருக்காது, பெரும்பாலும் மேய்ந்துகொண்டிருக்கும். பழைய நினைவை வைத்து அதன் கழுத்தில் நுகத்தடியை மாட்டிவிடாதீர்கள்.

ஆட்டில் காதையும் மூக்கையும் பார்த்தால் போதும். வளைந்த மூக்கும் நீளத் தொங்கும் காதும் ஜமுனாபாரி. சின்ன உடலும் நிமிர்ந்த காதும் நாட்டுக் கச்சாங். வெள்ளை உடலில் பழுப்புத் தலை போயர். முழு வெள்ளையும் நிமிர்ந்த காதும் பால் தரும் சானென். ஆட்டின் கண்மணி கிடைக்கோடாக இருக்கும், வால் மேல் நோக்கி நிற்கும். கிளையைப் பிடித்துப் பின்காலில் எழுந்து நிற்கும் நிலைக்காகக் காத்திருங்கள், அது கண்டிப்பாக வரும்.

கோழிக்குச் சாய்ந்த முட்டை வடிவில் உடல், முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. தலை ஒரு இடத்தில் நிற்கும் அந்த நொடியில் அதைப் பிடியுங்கள்.

ஐந்தாம் படி: அசைவைப் பிடிப்பது

ஒரு பக்கத்தில் ஒரு படம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் அரை நிமிடக் கோடுகள்: முதுகு, தலை எந்தப் பக்கம், எடை எந்தக் காலில், இவ்வளவுதான். மாடு திரும்பினால் அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாகத் தொடங்குங்கள். மாடு மேயும்போது ஒரே நிலைக்குத் திரும்பத் திரும்ப வரும், அப்போது விட்ட படத்துக்குத் திரும்பலாம். ஒரு பக்கம் நிறைய அரைகுறை மாடுகள் சேர்ந்த பிறகுதான் நீளமான படத்தைத் தொடங்க வேண்டும். புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் குளம்பு, கயிற்று முடிச்சு போன்ற விவரத்துக்கு மட்டும். நிலையைப் புகைப்படத்திலிருந்து எடுத்தால் மாடு உறைந்துபோகும்.

ஆறாம் படி: நிலத்தை வரைவது

என் பார்வையில் இந்த வழிகாட்டியின் இதயம் இந்தப் படிதான்.

முதலில் கயிறு. மூக்கணாங்கயிறா, கழுத்துக் கயிறா, தேங்காய் நாரா, நைலானா? எவ்வளவு நீளம்? எதில் கட்டியிருக்கிறது: முளைக்குச்சியிலா, விளக்குக் கம்பத்திலா, மேம்பாட்டாளர் போட்ட வேலிக் கம்பியிலா? கயிற்றின் நீளத்துக்கு மாடு மேய்ந்த வட்டம் தரையில் தெரியும். உள்ளே மொட்டை, வெளியே புல். முன்பு காடு முழுக்க மேய்ந்த விலங்குக்கு இன்று எவ்வளவு இடம் என்பதை அந்த வட்டமே சொல்லிவிடும். மாட்டை வரைய எடுத்துக்கொண்ட அக்கறையில் பாதியை அந்த வட்டத்துக்குக் கொடுங்கள்.

அடுத்து மரம். பால்மரக் காடென்றால் உயர்ந்த மெல்லிய தண்டுகள் நேர்வரிசையில் நிற்கும், பட்டையில் வெட்டு மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்குச் சரியும், அதன் கீழே கம்பியில் கோப்பை. ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிரும் மாதங்களில் போனால் மாட்டின் மேல் முழு வெளிச்சம் விழும். மற்ற நேரத்தில் மெல்லிய, சீரான நிழல். கோப்பை இல்லாத, வெட்டு ஆறிப்போன மரத்தை அப்படியே வரையுங்கள். பால் வெட்டு நின்றுவிட்டது என்று அது சொல்லும்.

செம்பனை முற்றிலும் வேறு. தண்டு தடிமன், வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகள் செதில் செதிலாக, அவற்றில் பெரணி முளைத்திருக்கும். மரங்கள் முக்கோண அமைப்பில் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நிற்கும். வரிசைகளுக்கு நடுவில் வெட்டிய மட்டைகள் குவிந்து கிடக்கும். வெளிச்சம் துண்டு துண்டாக விழும், மாட்டின் முதுகில் கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோடுகள் உடலின் வளைவைப் பின்பற்ற வேண்டும். நேராகப் போட்டால் உடல் தட்டையாகிவிடும். இன்னொன்று: மரம் இளசாக இருக்கும்போது மாடு அதன் இலைகளைத் தின்றுவிடும் என்பதால் மரம் நன்றாக உயர்ந்த பிறகே உள்ளே விடுவார்கள். ஆகவே மாட்டை முழங்கால் உயரச் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே நிறுத்தி வரைந்தால் தோட்டக்காரர் ஒருவர் பார்த்தவுடன் படத்தை நம்ப மாட்டார்.

கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் வளர்ந்திருக்கும். அதன் வெள்ளைக் கதிரை மாட்டின் கால் உயரத்தோடு ஒப்பிட்டுப் போடுங்கள். மாட்டோடு நடக்கும் உண்ணிக்கொக்கும் முதுகில் ஏறும் மைனாவும் இயல்பாகவே அளவுகோல் ஆகிவிடும். தூரத்தில் அடுக்குமாடி, மின்கோபுரம், பாலத்தின் கம்பிகள், கட்டுமானத் தகரத் தடுப்பு எது தெரிந்தாலும் மறைக்காதீர்கள். அழகு கெட்டுவிடும் என்று அவற்றை விட்டுவிட்டு வரைகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விட்டுப்போன அந்தத் தகரத் தடுப்புதான் பத்து ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும்.

ஏழாம் படி: முன்னோரின் படங்களிடம் கேட்பது

18, 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் சட்டம் போட்டு வேலியடைக்கப்பட்டன. அதே காலத்தில்தான் பண்ணை முதலாளிகள் தங்கள் பரிசு மாடுகளை ஓவியமாக்கினார்கள். அந்தப் படங்களில் மாடு பெரிய செவ்வகப் பெட்டியாக ஊதியிருக்கும், தலை சின்னது, கால் குச்சி. பெரிய உடல் என்றால் பெரிய விலை, ஓவியம் அதற்கு விளம்பரம். மரச்செதுக்கு ஓவியர் தாமஸ் பியூவிக் (1753–1828) தன் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பை வரைய மறுத்ததைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பொதுநிலத்தில் ஒற்றை மாடு மேய்த்த ஏழை அந்தப் பரிசுப் படங்களில் எங்குமே இல்லை. யார் பணம் கொடுத்து வரையச் சொல்கிறாரோ அவருக்கு ஏற்றபடி மாட்டின் உடலே மாறும் என்பதை அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

பிரான்சில் ரோசா போனர் 1849-இல் நிவெர்னே பகுதியின் உழவு மாடுகளை வரைந்தார். உடற்கூறு படிக்க இறைச்சிக் கூடங்களுக்கே போனவர் அவர். அந்தப் படத்தில் புரண்ட மண் மாட்டுக்குச் சமமான இடத்தைப் பிடித்திருக்கிறது. நெதர்லாந்தின் பவுலஸ் பாட்டர் 1647-இல் ஒரு இளங்காளையை ஏறத்தாழ உயிர் அளவில், ஈ மொய்ப்பது வரை வரைந்தார்.

நமக்கு இன்னும் நெருக்கமானது மாமல்லபுரம். கிருஷ்ண மண்டபத்தின் பல்லவர் காலச் சிற்பத்தில் ஒருவர் பால் கறக்கிறார், பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்குகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்தும் கட்டுத்தறியில் அதே திருப்பத்தைப் பார்க்கலாம். அந்தக் கழுத்து வளைவை நகலெடுத்துப் பழகிவிட்டு நேரில் போய்ப் பாருங்கள்.

பினாங்கிலேயே யோங் மூன் சென், அப்துல்லா அரிஃப் இருவரும் வாட்டர்கலரில் இந்த மண்ணின் ஈரக்காற்றைப் பிடித்தவர்கள். சுவா தியன் தெங் பாத்தேக்கைத் துணியிலிருந்து ஓவியத்துக்குக் கொண்டுவந்து கம்பத்து வாழ்க்கையைத் தீட்டினார். அவர்களிடம் ஒளியையும் சிக்கனத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். மாற்றத்தை எப்படிச் சாட்சியாக வைப்பது என்பதற்கு, பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கத்தைப் பாருங்கள். 1973-இல் அவர் சுற்றுச்சூழல் சீர்கேட்டைப் பற்றிப் புகைப்படங்களையும் இடத்தில் கிடைத்த பொருள்களையும் சேர்த்தே படைப்பாக்கினார். அந்தத் துணிச்சலை நாமும் எடுத்துக்கொள்ளலாம். வரைந்த இடத்தின் செம்மண்ணை நீரில் குழைத்து அடிப்பூச்சாக வைக்கலாம், அறுந்த கயிற்றுத் துண்டைத் தாளில் ஒட்டலாம்.

எட்டாம் படி: முழுப் படம்

வீட்டில் உட்கார்ந்து எல்லாச் சிறு படங்களையும் விரித்துப் போடுங்கள். முதல் முடிவு அடிவானம் எங்கே என்பது. அடிவானத்தைத் தாழ்வாக வைத்தால் மாடு வானத்தில் எழுந்து நிற்கும், பெருமை கூடும், நிலம் குறையும். உயர்த்தி வைத்தால் நிலம் விரியும், மாடு அதற்குள் சின்னதாகும். மாற்றத்தைச் சொல்ல இரண்டாவதுதான் பெரும்பாலும் உதவும் என்பது என் கருத்து. ஆனால் ஒரு கிழப்பசுவின் உருவப்படம் என்றால் முதலாவதைத் தயங்காமல் எடுங்கள்.

கண் போகும் வழியாகக் கயிற்றைப் பயன்படுத்துங்கள். கயிறு மாட்டிலிருந்து தொடங்கி, எதில் கட்டியிருக்கிறதோ அதில் போய் முடியும். பார்ப்பவரின் கண்ணும் அப்படியே போகும். பின்னால் உள்ள கட்டடத்தைக் கருநிறத்தில் மிரட்டலாகப் போட வேண்டாம். அங்கேயும் நம் ஆள்கள்தான் குடியிருக்கிறார்கள். வெளிறிய சாம்பலில், சரியான மாடிக் கணக்கோடு போட்டால் போதும்.

நிறம் பற்றிச் சுருக்கமாக: செவலைக்கு பர்ன்ட் சியென்னா என்னும் செம்பழுப்பு, அதன் நிழலுக்கு அதிலேயே கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம். எருமைக் கறுப்பை டியூபிலிருந்து எடுக்காமல் அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் கலந்து செய்யுங்கள், நீலமும் பழுப்பும் உள்ளே உயிரோடு இருக்கும். வெள்ளைப் பசுவுக்குத் தாளின் வெள்ளையே போதும், நிழலை மட்டும் தீட்டுங்கள். புல்மேல் நிற்கும் மாட்டின் அடிவயிற்றில் பச்சை தெறிக்கும், செம்மண்மேல் நின்றால் ஆரஞ்சு. இந்தத் தெறிப்பு ஒன்றே மாட்டையும் மண்ணையும் இணைத்துவிடும்.

ஒன்பதாம் படி: பெயரும் தேதியும் பிரதியும்

படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: தேதி, வட்டாரம், மாட்டின் பெயர், இனம், நிலம் முன்பு என்னவாக இருந்தது, உரிமையாளர் சொன்னது. மைப்பேனா வேண்டாம், ஈரத்தில் முன்பக்கம் ஊறும். உரிமையாளரின் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள்.

படத்தை ஸ்கேன் செய்து ஒரு நல்ல பிரதி எடுத்து உரிமையாளரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கொம்பின் வளைவு, நெற்றிச் சுட்டி, வாலின் குஞ்சம் எதில் தவறியிருக்கிறீர்கள் என்று அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார், அதைக் கேட்டு அடுத்த படத்தில் திருத்துங்கள். அதே இடத்துக்கு மாட்டுப் பொங்கல் நேரத்தில் ஒரு முறை போங்கள். கொம்பில் வண்ணமும் கழுத்தில் மாலையுமாக அதே மாட்டை வரையலாம், கயிறு அதே கம்பத்தில்தான் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அடுத்த ஆண்டு அதே கோணத்தில், அதே அளவுத் தாளில் மீண்டும் வரையுங்கள். மாடு இல்லையென்றாலும் இடத்தை வரைந்து, பின்பக்கம் தேதியைப் போட்டு, முந்தைய படத்தோடு ஒரே உறையில் வையுங்கள்.